சுங்கை சிப்புட்டில் ஒரு வன்ஸ்மோர்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் கிள்ளான் வந்து சேர்ந்தேன். காது நிறைய இன்னும் ஆபரா பாடகி மரியா காலாஸ். சுங்கை சிப்புட்டுக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வரிசை வருமா தெரியவில்லை.

முதலில் வயிற்றெரிச்சல். ரயில் டிக்கெட் முடிந்துபோனதால் ஈப்போவுக்கு பஸ் எடுத்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதிலிருந்து ஏர்கோன் தண்ணீர் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. மாறி உட்கார இடமில்லை. ஈப்போவில் ஒன்றரை மணி நேரம் நின்றும் சுங்கை சிப்புட் பஸ் வரவில்லை. டாக்சிக்காரர் 80 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்துக்கு! மீட்டர் கெட்டுப்போச்சாம். 60 வெள்ளிக்குப் பேசி ஏறினேன். இறங்கும்போது, தோட்டத்துப் பாதையில் உள்ளே வந்ததற்கு இன்னொரு பத்து வேண்டும் என்றார். அந்தப் பத்து வெள்ளியில் இரண்டு வேளை பசியாறியிருப்பேன். நான் கொண்டுபோனதே 150 வெள்ளி. கொடுத்துவிட்டேன், மனசு ஆறவில்லை.

பார்க்கப் போனது ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரை. அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர். 1948 ஜூன் 16-ல் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயா அவசரகாலத்துக்கு வழிவிட்ட வட்டாரம் இது. அதற்குப் பிறகும் தங்கியிருந்த ஒரு துரை, சீமைக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி இசைத்தட்டுகளைக் கிராணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பெட்டி அதே வீட்டில் இருக்கிறது.

அதில் இருப்பது 1953 ஆகஸ்டில் மிலான் லா ஸ்கலாவில் பதிவான புச்சினியின் 'டோஸ்கா' ஆபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம். காலாஸ், டி ஸ்டெஃபானோ, டிட்டோ கோபி. இசைக்குழுவை நடத்தியவர் விக்டர் டி சபாட்டா. ஒற்றைத்தடப் பதிவு, ஊசியின் கரகரப்பு வேறு. இருக்கட்டும். போலீஸ் தலைவன் ஸ்கார்ப்பியாவைக் குத்திக் கொன்றபின், இவன் முன்னால்தானே ரோமாபுரியே நடுங்கியது என்று பாடகி டோஸ்கா அடித்தொண்டையில் சொல்லும் இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வீட்டில் இதையே கைப்பேசியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தப் பழைய ஒலிபெருக்கியில்தான் அவள் பக்கத்தில் நின்று மூச்சு வாங்குவது தெரிந்தது.

நான் அவருக்காக வாங்கிப்போனது 2025-ல் வெளிவந்த டேனியல் ஹார்டிங் நடத்திய டோஸ்காவின் ரோம் பதிவு. புராட்டோவின் டோஸ்கா அழகாகப் பாடுகிறாள், பயமுறுத்தவில்லை. காதலனாக வரும் டெட்டல்மனுக்கு உச்சஸ்தாயி இனிக்கிறது, அதைக் காட்டும் ஆசையும் இருக்கிறது. ஸ்கார்ப்பியாவாக வரும் லுடோவிக் டெசியே மட்டும் பெரியவரை நிமிர்ந்து உட்கார வைத்தார். "இவன் கத்தல தம்பி. மரியாதையாப் பேசிக்கிட்டே கழுத்தறுக்கிறான்."

2024 நவம்பரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா அரங்கில் லீசே டேவிட்சன் டோஸ்காவாகப் பாடியதைப் பற்றிச் சண்டையே வந்துவிட்டது. அதைப் பார்ப்பதற்காகவே மாதச் சந்தா கட்டியவன் நான். அந்தக் குரலின் அளவுக்கு இன்றைக்கு ஈடு யார்? "கோயில் மணி மாதிரி குரல்தான், ஒத்துக்கிறேன். ஆனா டோஸ்கா பொறாமைக்காரி. இந்தப் பொண்ணுக்கு யார் மேலயும் பொறாமையே வராது போலிருக்கே" என்றார். எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை.

அடுத்து தென்கொரியாவின் சோல் நகர விவகாரம். 2024 செப்டம்பரில் அங்கே மூன்றாம் அங்கத்தில் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் காதலனாக நடித்த டெனார் (மேல்ஸ்தாயி ஆண் பாடகர்) தன் பாட்டை இரண்டாம் முறை பாடியபோது, டோஸ்காவாக நடித்த ஏஞ்சலா கியோர்கியு மேடைக்கே வந்து ஆட்சேபித்தார். நான் அவர் கட்சி. சாகப்போகிறவன் கைதட்டலுக்காகத் திரும்பப் பாடினால் கதை என்னாவது? பெரியவர் விடவில்லை. "எங்கப்பா காலத்துல திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுவாங்க. ஜனங்க வன்ஸ்மோர் கேட்டா ராஜபார்ட் பாடித்தான் ஆகணும். பாடலைன்னாத்தான் தப்பு!"

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெரியவரின் வீட்டு அம்மா வைத்த கோழிப் பெரட்டல், முருங்கைக்கீரை, சுட்ட கருவாடு, ரசம். மூன்று தரம் சோறு வாங்கினேன். பெரட்டலில் மிளகின் காரம் கடைசியில்தான் ஏறுகிறது. கிள்ளானில் எந்தக் கடையிலும் இந்தப் பக்குவம் கிடையாது.

சாப்பிட்டபின் மறுபடி இரண்டாம் அங்கம். டோஸ்காவின் 'விஸ்ஸி தார்த்தே' பாட்டு முடிந்தது. ஆண்டவனே, எனக்கு ஏன் இந்தக் கைம்மாறு என்று உச்சிக்கு எழுந்து, அங்கேயே நின்று கைதட்டு வாங்காமல், தழுதழுத்து இறங்குவாளே காலாஸ், அந்த இடம். அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு அம்மா வந்து நின்றார்.

"என்னங்க, அத இன்னொரு வாட்டி வைங்க."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். அம்மா கதவோரம் நின்றபடியே கடைசிவரை கேட்டார்.

சாயங்காலம் அவரே தன் கன்ச்சில் காரில் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார், காசு வாங்கவில்லை. 1962-ல் கராயன் நடத்தி லியோன்டீன் பிரைஸ் பாடிய டோஸ்காவும் அந்தப் பெட்டியில் அடியில் இருக்கிறதாம், அடுத்த மாதத்துக்குள் தூசு தட்டி வைப்பதாகச் சொன்னார். இந்தத் தடவை ரயில் டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிட்டேன்.