கிணற்றின் ஆரை

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மட்டக்களப்பு எழுவான்கரை மணலில்தான் எங்கள் பாடசாலை இருக்கிறது. இங்கே பதினைந்து வருடங்களாகக் கணிதம் படிப்பிக்கிறேன். சமூக சேவை என்றால் நானும் நெடுங்காலம் சிரமதானம் என்றே நினைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை, நாலு மண்வெட்டி, வாய்க்கால் துப்புரவு, மத்தியானம் சோற்றுப் பார்சல், கடைசியில் ஒரு படம். திங்கட்கிழமை பிள்ளைகள் வகுப்புக்கு வந்தால், அந்தச் சனிக்கிழமைக்கும் கரும்பலகையில் இருக்கும் கணக்குக்கும் ஒரு தொடுப்பும் இராது. அது எனக்கு மனக்குறையாகவே இருந்தது.

ஒரு மாரி வெள்ளத்துக்குப் பிறகுதான் வழி தெரிந்தது. கார்த்திகை, மார்கழியில் இங்கே மழை பிடித்தால் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மலசலகூடக் குழியும் நிறையும், கிணறும் நிறையும். வெள்ளம் வடிந்ததும் கிணறுகளுக்குக் குளோரின் போட வேண்டும். எவ்வளவு போடுவது என்பது கிணற்றில் நிற்கும் தண்ணீரின் கனவளவைப் பொறுத்தது. எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வீதியில் கண்டபோது சொன்னார்: "மருந்து இருக்கு டீச்சர், அளக்கத்தான் ஆள் காணாது." தரம் 11 பிள்ளைகளுக்கோ முந்திய வருடம் படித்த உருளையின் கனவளவு இன்னும் கைக்கு வரவில்லை. சரி, இதுதான் பாடம் என்று முடிவெடுத்தேன்.

அதிபர் சம்மதித்தார். பெற்றோரிடம் கடிதம் வாங்கினோம். ஒரு தகப்பன் நேரே வந்து கேட்டார்: "ஓ.எல். பரீட்சை எழுதப்போற பிள்ளையைக் கிணறு அளக்கவா அனுப்புறன்?" நியாயமான கேள்வி. பாட நேரத்தை எடுத்துச் சேவைக்குக் கொடுக்கவில்லை, அந்தக் கணக்கையே வெளியே போய்ச் செய்கிறோம் என்றேன். முழுதாக நம்பாமல்தான் போனார்.

பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிறு, நுனியில் ஒரு கல், ஒரு அளவு நாடா. கிணற்றுக் கட்டின்மேல் ஏறக்கூடாது, எட்டிக் குனியக்கூடாது, கயிற்றை இறக்குவது நான் மட்டும். மூன்றாவது வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார். சீமெந்து வளையம் இறக்கிய கிணறு. உள்விட்டம் 1.2 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர். ஒரு பொடியன் மளமளவென்று போட்டு 9,050 லீற்றர் என்றான். கொப்பியில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளை மட்டும் எழுதவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றது. "டீச்சர், எங்கட வீட்டுத் தாங்கி ஆயிரம் லீற்றர். ஒன்பது தாங்கித் தண்ணி இதுக்குள்ள கொள்ளுமா?"

ஒருவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பொடியனே கண்டுபிடித்தான். ஆரைக்குப் பதில் விட்டத்தை வர்க்கித்திருக்கிறான். ஆரை 0.6. சரியான விடை ஏறக்குறைய 2,260 லீற்றர். பரீட்சையில் இந்தப் பிழைக்கு இரண்டு புள்ளி போகும். இங்கே அந்த அம்மாவின் கிணற்றில் நாலு மடங்கு குளோரின் விழுந்திருக்கும். அவன் முகம் வெளிறிப்போனது. அதன்பிறகு அந்த வகுப்பில் யாரும் ஆரையையும் விட்டத்தையும் மாற்றிப் போட்டதை நான் காணவில்லை. வருடக்கணக்காகச் சிவப்புப் பேனையால் நான் வட்டமிட்டதெல்லாம் செய்யாத வேலை இது.

அப்புறம் இன்னொருவன், "மோட்டர் வைச்சு முழுக்க இறைச்சுட்டால் என்ன?" என்று கேட்டான். பதில் சொன்னது நான் அல்ல, அந்த அம்மா. "சுனாமிக்குப் பிறகு அப்படித்தான் இறைச்சவங்க மனே. இறைக்க இறைக்க உப்புத்தான் வந்துது. விட்டுட்டம். மாரி மழைதான் கழுவிச்சுது." 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரக் கிணறுகளில் உண்மையில் நடந்தது அது. மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது இறங்கியிருக்கும். மேலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். அடுத்த நாள் விஞ்ஞான ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு அந்த 1:40 விகிதத்தைப் படிப்பித்தோம். விகிதத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

"சேவையின் பயன்" என்று கட்டுரை எழுதச் சொல்வதை அன்றோடு நிறுத்தினேன். போன வீட்டில் எங்களுக்குத் தெரியாத எதைச் சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதச் சொல்கிறேன். கொடுக்கப் போகிறோம் என்ற நினைப்போடு போகிற பிள்ளைக்குக் காது அடைத்துவிடும். அது எனக்குப் பெரிய கவலை.

ஒரு பிழையும் விட்டேன். அளந்து, மருந்தும் போட்டு முடிந்ததும் மறுபடி அந்த வீடுகளுக்குப் போகவில்லை. குளோரின் மணம் போகும்வரை குடிக்கத் தண்ணீர் இல்லாமல் இரண்டு வீட்டார் பட்ட கஷ்டம் பிறகுதான் காதுக்கு வந்தது. இப்போது முதல் நாளே அதைச் சொல்லி, குடிதண்ணீர் எடுத்து வைக்கச் செய்கிறோம். நாலு நாள் கழித்துத் திரும்பவும் போகிறோம்.

அந்தப் பிள்ளைகள் ஓ.எல். எழுதிப் போகும்போது கயிற்றைச் சுருட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். இந்தத் தை மாதம் புது வகுப்பிடம் அதைக் கொடுத்து முடிச்சுகளை அளக்கச் சொன்னேன். ஏழாவது முடிச்சு இரண்டு சென்ரிமீற்றர் நழுவியிருந்தது. அதை அவிழ்த்து மறுபடி போட்ட பிறகுதான் வெளியே இறங்கினோம்.