டர்போ பிறகு, முதலில் துரு

போன தீபாவளிக்குப் பினாங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் போர்ச்சுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கும் சிவப்பு யூனோஸ் ரோட்ஸ்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். அப்புறம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போ டர்போ போடப் போறே?"

டர்போ என்றால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி. அன்றைக்கு யாருக்கும் உட்கார வைத்துப் பதில் சொல்ல நேரமில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

யூனோஸ் ரோட்ஸ்டர் என்றால் தெரியாதவர்களுக்கு: மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஜப்பானில் வைத்த பெயர் அது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். என்னுடையது 1990 மாடல், 1.6 லிட்டர் இன்ஜின், ஜப்பான் கணக்கில் 120 குதிரைத்திறன். காரின் எடை 940 கிலோதான். இந்தக் காரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த தொஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்றாவது போல இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் இதைச் செய்தார். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும். ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கார் திரும்பிவிடும்.

ஆனால் இதற்கு இரும்புக் கூரை கிடையாது, மடக்கும் துணிக்கூரைதான். விஷயமே அதில்தான் இருக்கிறது.

தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் தகர டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை அழுத்தி மூடிவிட்டு இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியைத் திறந்துவிட்டு அதே மாதிரி முறுக்குங்கள், வளைந்து கொடுக்கும். கூரை உள்ள கார் மூடிய டின், என் கார் மூடியில்லாத டின். கூரை தாங்க வேண்டிய முறுக்கு முழுவதும் தரைக்கு வந்துவிடும். அதிலும் கதவுக்குக் கீழே படிபோல நீளமாக ஓடும் பெட்டி, சைட் சில் என்பார்களே, அதுதான் பெரும்பங்கைச் சுமக்கிறது. அந்தப் பெட்டிதான் என் காரில் அழுகியிருந்தது.

இதை நான் வாங்கும்போது கண்டுபிடிக்கவில்லை. சுங்கை பட்டாணியில் போய்ப் பார்த்தேன், சில் பளபளவென்று இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்றாவது மாதம், செப்டம்பர் மழை பிடித்தது. ஒரு காலை கதவைத் திறந்தால் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட் சொதசொதவென்று கிடக்கிறது. துணிக்கூரையின் பின்பக்கம் விழும் மழைநீர் இரண்டு ஓரத்திலும் ஒரு குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே போக வேண்டும். இடதுபக்கக் குழாயில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். கீழே ஒரு சொட்டு வரவில்லை. மெல்லிய ப்ளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் கறுப்புச் சேறு வந்தது, அதோடு மஞ்சள் மஞ்சளாக அங்சானாப் பூ. பினாங்குச் சாலையோரம் முழுக்க அங்சானா மரம்தானே, பூக்கும் நாளில் தரையெல்லாம் மஞ்சள் விரித்துவிடும். அதற்குப் பின்னால் வந்த தண்ணீரைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தேநீர் நிறத்தில், துருத்தூளோடு, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. எத்தனை நாள் தேங்கிக் கிடந்த தண்ணீரோ.

ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுவந்து சில்லின் மேல் வைத்துப் பார்த்தேன். கதவின் முன்பாதியில் பட்டென்று ஒட்டியது. பின்னால் நகர்த்தினேன், ஒட்டவில்லை. கடைசி 40 சென்டிமீட்டரில் காந்தம் நழுவி விழுந்துவிட்டது. இரும்பே இல்லை, புட்டி! எனக்கு முன்னால் யாரோ ஒருவர் ஒரு பட்டறையில் பணம் கொடுத்திருக்கிறார். அவர்கள் ஓட்டையில் செய்தித்தாளைத் திணித்து, மேலே புட்டி பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். உடைத்தபோது அந்தத் தாள் கூழாகி வந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. பக்கத்திலிருந்து ஒரு லோரி இடித்திருந்தால் அந்தப் புட்டியா தாங்கும்? இன்றைக்கும் எனக்கு ஆறாத கோபம் அது.

இதை வெளியே கொடுத்துச் செய்யலாமா என்று யோசித்தேன். அப்பாதான் வேண்டாம் என்றார். அவர் பட்டர்வொர்த்தில் கப்பல் பட்டறையில் 30 வருடம் வெல்டிங் செய்தவர். ஓய்வு பெற்றபின் கையில் டார்ச் பிடிக்காமல் இருந்தவர், சில்லைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "நான் சொல்றேன், நீ செய். என் கண்ணு இப்போ சரியில்ல. கை உன்னோடதா இருக்கட்டும்."

முதல் இரண்டு வாரம் வெட்டவே விடவில்லை. காரை எப்படி நிற்க வைப்பது என்பதிலேயே அந்த நாட்கள் போயின. நான்கு ஸ்டாண்டையும் உடம்புக்கு அடியில் கொடுக்காமல், சக்கரத்தைத் தாங்கும் கைகளுக்கு அடியில் கொடுக்கச் சொன்னார். சாலையில் நிற்கும்போது எடை எப்படி இறங்குகிறதோ அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கப்பல் தகட்டை மாற்றும்போதும் அப்படித்தானாம், முட்டுக் கொடுத்த இடம் தவறினால் தகடு போட்டபின் கோணல் நிரந்தரமாகிவிடும். அடுத்து, இரண்டு கதவையும் கழற்றிவிட்டு, கதவுக் கீல் மாட்டும் துளையிலிருந்து பின்னால் பூட்டுக் கொக்கி மாட்டும் துளை வரை சதுர இரும்புக் குழாயைப் போல்ட் போட்டு இறுக்கினோம். சில்லை வெட்டினால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்தால் கதவுச் சந்தின் மேல்பக்கம் இறுகும். அந்த நிலையில் வெல்டிங் செய்துவிட்டால் அப்புறம் கதவு மூடவே மூடாது. இந்தக் குழாய் இல்லாமல் திறந்த காரின் சில்லில் யாரும் கிரைண்டரை வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க அளவெடுக்கும் வேலையில் இருப்பவன். அதனால் கதவுச் சந்தில் குறுக்கும் நெடுக்கும் நான்கு இடத்தில் புள்ளி குத்தி, இடைவெளியைச் சுவரில் எழுதி வைத்தேன். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் மறுபடி அளந்து அதன் கீழேயே எழுதினேன். போர்ச் சுவரில் அந்த எண்கள் இன்னும் இருக்கின்றன. அம்மா பெயிண்ட் அடிக்கச் சொல்லியும் நான் விடவில்லை.

சில் ஒரே தகடு இல்லை. வெளித்தகடு, உள்தகடு, நடுவில் வலுவுக்காக இன்னொன்று. வெளித்தகட்டை வெட்டித் திறந்தபோது நடுத்தகடு விரலால் தொட்டாலே உதிர்ந்தது. உள்தகட்டில் ஒரு கைப்பிடி அகலம்தான் போயிருந்தது. பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போ என்றார் அப்பா. பழுப்பில் வெல்டிங் பிடிக்காது. புதுத்தகட்டை 1.2 மில்லிமீட்டரில் ஒரு தகரக் கடையில் மடித்து வாங்கினேன்.

இனி வெல்டிங். உருகும் இடத்தைக் கேஸ் மூடிக் காக்கும் வயர் வெல்டிங் செட், 0.6 மில்லிமீட்டர் வயர். தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்த இடத்தில், மேல்தகட்டில் 8 மில்லிமீட்டர் துளை போட்டு அந்தத் துளையை வெல்டிங்கால் நிரப்ப வேண்டும். கோடுபோல இழுத்துக்கொண்டே போனால் சூட்டில் தகடு அப்பளமாக நெளிந்துவிடும். முன்னால் ஒரு பொட்டு, பின்னால் ஒரு பொட்டு, அப்புறம் நடுவில். ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு அப்பா புறங்கையைத் தகட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். "ஆறட்டும்" என்பார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி, "ஆறட்டும்." பார்வை மங்கிய அவருக்குக் காது கூர்மை. கடுகு பொரிகிற மாதிரிச் சத்தம் சீராக வந்தால் பேசாமல் இருப்பார், டப் டப் என்று விட்டு விட்டு வந்தால் "வயர் வேகத்தைக் குறை" என்று நாற்காலியில் இருந்தபடியே சொல்வார். குறைத்தால் சரியாகிவிடும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

வீட்டுப் போர்ச்சில் இதெல்லாம் செய்வதில் வேறு சில விஷயங்கள் உண்டு. எங்கள் ஜெலுத்தோங்கில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, மதியத்துக்கு மேல் காற்று எழும்பினால் கேஸ் பறந்து வெல்டிங் நுரைத்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் கேன்வாஸ் கட்டினோம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி துணி காயப் போடும் நாளில் கிரைண்டர் ஓட்டுவதில்லை, இரும்புத்தூள் ஒட்டினால் வெள்ளைத் துணி மறுநாளே பழுப்பாகிவிடும். சனிக்கிழமை 10 மணியிலிருந்து 1 மணி வரைதான் வேலை. சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. இந்தக் காரில் பேட்டரி பின்டிக்கியில் இருக்கும், அதைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். பெட்ரோல் டாங்கியும் சீட்டுக்குப் பின்னால்தான், ஆகவே இடையில் ஈரச் சாக்கு, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் இருவரும் காரை விட்டு நகர மாட்டோம். அந்த நேரத்தில்தான் அப்பா கப்பல் பட்டறைக் கதைகளைச் சொன்னார். இத்தனை வருடம் வீட்டில் ஒருநாளும் சொல்லாத கதைகள்.

இடதுபக்கம் ஐந்து சனிக்கிழமை எடுத்தது, வலதுபக்கம் மூன்று. மூட்டுகளுக்கு சீலர், பெட்டிக்கு உள்ளே நீளக் குழாயால் மெழுகு அடித்தோம். வெளியே எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் உள்பக்கம் வெறும் இரும்பாக இருந்தால், கடல் காற்றில் சில வருடத்திலேயே திரும்ப இதே கதைதான்.

அடுத்தது தரைக்கு அடியில் முன்னிருந்து பின்னாக ஓடும் இரண்டு மெல்லிய பட்டைகள். பழைய எம்எக்ஸ்-5 எதைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அவை நசுங்கித்தான் இருக்கும். எவரோ ஒரு ஃபோர்மேன் (மெக்கானிக்) ஜாக்கியை அங்கே கொடுத்துத் தூக்கியிருப்பார். தட்டி நிமிர்த்தி, அதன்மேல் 2.5 மில்லிமீட்டர் தகட்டில் மடித்த தொட்டி வடிவ உறையைப் போட்டு, தரை வழியாகப் போல்ட் இறுக்கினேன். மொத்தம் 9 கிலோ கூடியது. 940 கிலோ காரில் 9 கிலோவை மனசில்லாமல்தான் ஏற்றினேன், ஆனால் இந்த 9 கிலோவுக்கு நான் வருத்தப்படவில்லை.

வித்தியாசத்தை அளந்தேன். வேலைக்கு முன்பு முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் கதவுச் சந்து கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் மாறும், கதவைத் திறந்தால் மூடுவது கஷ்டம். இப்போது மாற்றம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது அப்பா கதவைத் திறந்து, ஒற்றை விரலால் தள்ளினார். க்ளக் என்று மூடியது. "ம்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது, எனக்கு அது போதும்.

சரி, டர்போவுக்கு வருகிறேன். 1.6 காரின் பின்டிஃப்பில், அதாவது இன்ஜின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், உள்ள பல்சக்கரம் 6 அங்குலம்தான், 1.8 லிட்டர் கார் வந்தபோது 7 அங்குலமாக்கினார்கள். சின்ன டிஃப்பில் டர்போ தரும் கூடுதல் முறுக்குவிசையை ஏற்றினால் பல் போய்விடும். என் இன்ஜினோ ஆரம்பகால வகை, க்ராங்கின், அதாவது இன்ஜினின் சுழலும் தண்டின், மூக்கு குட்டை. முன் புல்லி போல்ட் ஒழுங்காக இறுகாமல் போனால் புல்லியைப் பிடித்து வைக்கும் சாவிக்கால்வாய் தேய்ந்து க்ராங்கே வீணாகும். ஆகவே இன்ஜினையே மாற்றுவதானால் வாகனப் பரிசோதனை, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி எல்லாம் வேண்டும், அதையும் முறைப்படி செய்யத்தான் நினைக்கிறேன். அதற்கு முன்னால் ப்ரேக். 1.6இல் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், 1.8இல் 255, அது இதிலும் பொருந்தும். பிறை (பெராய்) பக்கம் ஹாஃப் கட் கடைகளில், அதாவது பாதியாக வெட்டிய பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் கடைகளில், சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு விடியற்காலை கூரையைத் திறந்துவிட்டு அப்பாவை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் போனேன். பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பெல்லாம் உள்கண்ணாடி நடுங்கி, பின்னால் வரும் காரின் விளக்கு இரண்டாகத் தெரியும். டாஷ்போர்டு ஒரு பக்கமும் ஸ்டீயரிங் இன்னொரு பக்கமும் போவதுபோல இருக்கும். இப்போது இணைப்பைத் தாண்டும்போது டயர் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான். திரும்பி வந்து துன் சார்டோன் சாலையில் பாலிக் புலாவ் வரை ஏறி இறங்கினோம். ஒரு கொண்டைவளைவில் அரைப்பக்கம் சாலை உடைந்திருந்தது, உள்சக்கரம் பள்ளத்தில் விழுந்தும் கார் போட்ட கோட்டை விடவில்லை. அப்பா பேசவில்லை. கையை வெளியே தொங்கவிட்டு, கதவுக்குக் கீழே எட்டிய இடத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குவளையில் தண்ணீர் எடுத்துவந்து இடதுபக்கக் குழாயில் ஊற்றினார். பின்சக்கரத்துக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டு நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"வருதா?"

"வருதுப்பா."

"என்ன நிறம்?"

"வெள்ளையா."

அடுத்த பக்கத்துக்கு இன்னொரு குவளை எடுத்துவர உள்ளே போனார்.