ஆய்வு நெறி பற்றி நம்மவர்களிடம் பேட்டி எடுக்கப் போகிறீர்களா?

அறிவியல் ஆராய்ச்சியின் நெறிமுறை பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுத்திருக்கும் தம்பி தங்கைகளே, "நெறிமுறை முக்கியமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் நான் பார்த்த பெரியவர்கள் அத்தனை பேரும் "ஆமாம்மா, முக்கியந்தான்" என்றார்கள். அதை வைத்து ஒரு பத்திகூட எழுத முடியாது.

நடந்த ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கைகொடுத்தது நம் கோலாலம்பூர்க் கதைதான். 1905-இல் இங்கிருந்த மனநோய் விடுதியில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தீட்டிய சயாம் பச்சரிசியும் மறு பாதிக்கு இந்தியப் புழுங்கலரிசியும் போட்டார். பச்சரிசிக்காரர்களில் பலருக்குப் பெரிபெரி (பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய்) வந்தது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் அந்த நோயால் ஒரு சாவும் இல்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடும் என்பது பின்னால் தெரிந்தது. ஆய்வுக்கு உட்படுபவரின் சம்மதத்தை முதல் விதியாக்கிய நியூரம்பெர்க் நெறிகள் வந்ததோ 1947-இல்.

இதைச் சொன்னதும் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பாட்டி, "புழுங்கலரிசி தெம்புன்னு எங்களுக்கே தெரியுமே, அதுக்கு ஆளைச் சாகவிடணுமா?" என்று கேட்டார். அவர் மகன், "அதனாலதானேம்மா அப்புறம் எத்தனையோ பேர் பொழைச்சாங்க" என்றார். இருவரும் வாக்குவாதத்தில் இறங்கினார்கள். உங்கள் தரவு அந்த வாக்குவாதம்தான். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

'ஆசிய மக்கள் இப்படித்தான்' என்று முடிவுரையில் எழுதாதீர்கள், வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். தென்கொரியாவில் குளோனிங் விஞ்ஞானி ஹுவாங் வூ-சுக்கின் ஆய்வுக் குளறுபடியை 2005-இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் வெளியிட்டபோது மக்கள் கோபம் அந்த நிலையத்தின் மீதுதான் பாய்ந்தது, விளம்பரதாரர்கள் விலகினார்கள். அதே நாட்டு இளம் ஆய்வாளர்கள்தான் அவருடைய கட்டுரைப் படங்களில் இருந்த மோசடியைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு.

சம்மதப் படிவத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். கையெழுத்து என்றாலே நம் பெரியவர்களுக்குப் பயம். சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) வைத்திருப்பவர்கள் "ஐசி நம்பர் எழுதணுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லி, படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். "மகன் வந்து போடட்டும்" என்றால் காத்திருங்கள், ஆனால் சம்மதம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். குரல் பதிவாக வாங்க நினைத்தால் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிக்குழுவுக்கான விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதிவிடுங்கள். இடையில் மாற்றினால் மறுபடி அனுமதி கேட்க வேண்டிவரும்.