முதுகைக் காட்டின குருவி

பொசன் போயா, அதாவது ஆனிப் பௌர்ணமி விடுமுறை அன்று எங்கள் மருந்துக்கடை பூட்டு. வீட்டில் நின்றால் அம்மா மிளகாய் காயப்போட ஏவுவா என்று தெரியும். விடியற்காலை ஐந்தரைக்கே ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டேன். திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி தாண்டி, இறக்கக்கண்டிப் பாலமும் கடந்து கும்புறுப்பிட்டிப் பக்கம் போனால் கரைச்சி வரும். மாரியில் தண்ணீர் தளும்பி நிற்கிற இடம். கச்சான் அடிக்கத் தொடங்கினால் ஓரமெல்லாம் காய்ந்து, வெடித்த சேற்றின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். (வெளியூர் ஆட்களுக்கு: கச்சான் என்றால் இங்கே நிலக்கடலையும்தான், காற்றும்தான். வாயைத் திறந்தால் காற்றுக் கச்சான் மணலை ஊட்டிவிடும்.)

குருவி பார்க்கிறவர்கள் மார்கழி, தையில்தான் வருவார்கள். வடக்கிலிருந்து வந்த கூட்டம் அப்போது கரைச்சியை நிறைத்து நிற்கும். எனக்கு அந்தக் காலம் ஒத்துவராது. கொசு உள்ளான், மணல் உப்புக்கொத்தி, பட்டாணி உப்புக்கொத்தி என்று எல்லாம் கலந்து ஓடும்போது என் கொப்பியில் விழுவதெல்லாம் ‘சின்னது, பழுப்பு, ஓடுது’ என்ற ஒரே வரிதான். ஆனி மாதத்தில் விருந்தாளிகளில் பெரும்பாலானவை ஊர் திரும்பிவிடும். இணை சேரும் வயது வராத சில மட்டும் இங்கேயே தங்கும். மிச்சமெல்லாம் ஊர்க்காரர். அப்போது பார்த்தால்தான் என்னைப் போன்ற அரைகுறைக்கு ஏதாவது பிடிபடும்.

முதலில் கண்டது குருவியை அல்ல, கால்தடத்தை. ஈரச் சேற்றில் முன்னுக்கு மூன்று விரல், பின்னுக்கு ஒன்றுமில்லை. உள்ளான் என்றால் அனேகமாகப் பின்விரலும் ஒரு புள்ளியாவது பதிந்திருக்கும். அப்படியானால் உப்புக்கொத்தி. தடமும் நேராகப் போகவில்லை. பத்து எட்டு, பிறகு சேறு கொஞ்சம் கிளறியிருக்கும், திரும்ப வேறு பக்கம் பத்து எட்டு. ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து. அதுதான் இந்தக் குடும்பத்தின் நடை. உள்ளான் அப்படியில்லை, தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகும்.

தடம் முடிந்த இடத்தில் ஆள் நின்றது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே காய்ந்த மண் நிறம், கீழே வெள்ளை, கறுத்த கட்டை அலகு, தலைக்குப் பொருந்தாத பெரிய கண். வயிறு பட நான் படுத்துவிட்டேன். உப்பு முழங்கையைக் கடித்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இல்லை, பட்டாணி உப்புக்கொத்தி கழிந்தது. தங்கிப்போன மணல் உப்புக்கொத்தியாக இருக்குமோ? அதற்கு விடை பிடரியில். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டி முழுதாக ஓடினால் மணல் உப்புக்கொத்தி இல்லை. ஆனால் இந்த மனுசன் இருபது நிமிடமாக என்னை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் திரும்புங்களேன் ஐயா என்று கெஞ்சாத குறை.

ஒரு காற்று அடித்தது. இறகு கலையாமலிருக்கக் காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பியது. பளிச்சென்று வெள்ளைப் பட்டி!

கென்டிஷ் புளோவர் (அதுவும் ஒரு உப்புக்கொத்திதான்) என்று எழுதப் போனேன். இரண்டு வருடமாக அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். அப்புறம் கண்மை ஞாபகம் வந்தது. கென்டிஷ் ஆணுக்கு அலகு அடியிலிருந்தே கண்ணுக்குக் கறுப்புக் கோடு வரும், உச்சந்தலையில் செம்பழுப்பும் இருக்கும். இவருக்கு நெற்றியில் ஒரு கறுப்புத் துண்டு, மார்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கறுப்புத் திட்டு. அலகுக்கும் கண்ணுக்கும் இடையில் சுத்த வெள்ளை. மை கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. காலும் கறுப்பில்லை, சாம்பல். சரி, இவர் அனுமான் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிற இதை 1915இல் கென்டிஷின் துணையினமாக எழுதி வைத்தார்கள். மன்னாரில் பிடித்து அளந்து மரபணுவும் பார்த்த பிறகு, 2023இல் தனி இனம் என்று கட்டுரை வந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் உண்டு. பெயர் இராமர் அணை கட்டின அனுமானை நினைத்து வைத்தது. பறக்கத் தெரிந்ததற்கு அணை எதற்கு என்று எனக்கு ஒரு சின்னக் கேள்வி.

முழங்கையைத் தட்டி எழும்பி நாலடி வைத்திருப்பேன். இன்னொன்று, கறுப்பில்லாத பெட்டை, காலடியிலிருந்து புறப்பட்டு ஒரு சிறகை மண்ணில் இழுத்துக்கொண்டு நொண்டியது. முறிந்த சிறகு என்று நம்பிப் பின்னால் போனால் கொஞ்சத் தூரத்தில் பறந்துவிடும். கிட்ட எங்கேயோ முட்டை இருக்கிறது என்று அர்த்தம். கூடென்று ஒன்றும் இராது, மண்ணில் ஒரு சின்னக் குழி, அதே மண் நிறத்தில் இரண்டு மூன்று முட்டை. தேடவில்லை. வந்த செருப்புத் தடத்திலேயே கால் வைத்து, குனிந்தபடி றோட்டுப் பக்கம் திரும்பினேன்.

மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“என்ன பிள்ளை, ஏதும் துலைச்சிட்டீங்களோ?”

சொன்னேன்.

“உதோ? அது ஆள்காட்டிக் குஞ்செல்லோ.”

இல்லை ஐயா, அது வேறு இது வேறு என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். இரண்டும் ஒரே குடும்பம், அவர் பெரிய பிழை ஒன்றும் விடவில்லை. முட்டை இருக்கிறது என்றதும்தான் முகம் மாறியது.

“அப்ப மாட்டை அங்கால திருப்பிறன்.”

தடியைத் தூக்கி ஒரு சத்தம் போட்டார். எல்லா மாடும் திரும்பின, ஒரு நாம்பனைத் தவிர. அது நேரே கரைச்சிக்குள் இறங்கியது. ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் ஓடினார்.