தீவாக இருந்த தீரு

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் 'தீரு, சீதோன்' என்று ஒரே மூச்சில் ஒப்பித்த பெயர்களில் முதலாவது, இன்று லெபனானின் தென்கரையில் சூர் என்ற பெயரில் வாழும் துறைமுக நகரம் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. இஸ்ரவேல் அரசன் சாலொமோன் எருசலேமில் கட்டிய ஆலயத்துக்குக் கேதுரு மரங்களை அனுப்பிய ஈராம் அரசாண்ட ஊர் அது.

தீருவின் பெருஞ்செல்வம் ஒரு கடல் நத்தையிலிருந்து வந்தது. அதன் சுரப்பியிலிருந்து எடுக்கும் நிறமற்ற திரவம், காற்றும் வெயிலும் பட்டவுடன் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் அழியாத ஊதாவாக மாறும். 1909இல் ஒரு ஜெர்மானிய வேதியியலாளர் 12,000 நத்தைகளிலிருந்து பிரித்தெடுத்த சாயம் வெறும் 1.4 கிராம்தான். அரசர்களும் பெருஞ்செல்வர்களும் மட்டும் ஏன் அதை உடுத்தினார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. (சாயப்பட்டறைகளின் நாற்றத்தைப் பழைய எழுத்தாளர்களே குறை கூறியிருக்கிறார்கள்.)

பாபிலோன் அரசன் நெபுகாத்நேச்சாரின் 13 ஆண்டு முற்றுகையைத் தாங்கிய அந்தத் தீவு நகரத்தை, கி.மு. 332இல் அலெக்சாந்தர், கரையிலிருந்த பழைய நகரை இடித்து, அந்தக் கற்களைக் கடலில் கொட்டிப் பாதை அமைத்து, ஏழு மாதங்களில் வீழ்த்தினார். அப்பாதையின் இருபுறமும் நூற்றாண்டுகளாக மணல் சேர்ந்ததால் தீவு நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. உரோமர், சிலுவைப் போர் வீரர், எகிப்தை ஆண்ட மம்லூக்குகள் எனப் பலர் வந்துபோன பிறகும், இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் அந்த நிலத்தின் கழுத்துப் பகுதி தெளிவாகத் தெரிகிறது.