பால் சோதனைக்கு நாங்கள் தேதி குறித்த கதை

என் மகனுக்குப் பசும்பால் அலர்ஜி. ஏழாம் மாதத்தில் முதன்முதலாகத் தயிர் சாதம் ஊட்டிய அன்றே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து பால், தயிர், மோர், நெய், பன்னீர் எதுவும் அவன் தட்டுப் பக்கம் வரவில்லை. இப்போது அவனுக்கு ஆறு வயது. போன வருடம் ஆஸ்பத்திரியில், டாக்டரின் கண் முன்னால், பால் சேர்த்த பண்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வைத்துப் பார்த்தோம். ஃபுட் சேலஞ்ச் என்பார்கள். சோதனை ஒரு பகலில் முடிந்துவிட்டது. அதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கத்தான் வருடக்கணக்கானது. இதே குழப்பத்தில் இருக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

வருடா வருடம் ரத்தப் பரிசோதனை எடுப்போம். பாலுக்கான ஐஜிஇ, அதாவது அலர்ஜியைக் காட்டும் ரத்த எதிர்ப்பொருளின் அளவு, முதலில் 18 இருந்தது. 15க்கு மேல் இருந்தால் பால் கொடுத்தவுடன் அலர்ஜி வருவதற்கே வாய்ப்பு மிக அதிகம், அதனால் இப்போது பேச்சே வேண்டாம் என்றார் டாக்டர். 2 அளவுக்கு இறங்கினால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கணக்கு. மூன்றரை வயதில் அது 9. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பரீட்சை மார்க் மாதிரி நானும் என் கணவரும் எட்டிப் பார்ப்போம். டாக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: "அலர்ஜி வருமா வராதாங்கிறதுக்குத்தாம்மா இந்த நம்பர். வந்தா எவ்வளவு மோசமா வரும்னு இது சொல்லாது." கையில் ஊசி முனையால் கீறிப் பார்க்கும் ஸ்கின் டெஸ்ட்டும் அப்படித்தானாம்.

நான்கு வயதில் எண் 4க்கு இறங்கியதும் தேதி வாங்கிவிடலாம் என்றிருந்தோம். அந்தச் சமயம் பார்த்து ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் ஒட்டிய கரண்டியால் பரிமாறிய கூட்டைச் சாப்பிட்டுவிட்டான். முகமெல்லாம் தடிப்பு. மருந்து கொடுத்ததும் அடங்கியது. ஆனால் டாக்டர் உடனே தள்ளி வைத்தார். அண்மையில் இவ்வளவு சின்ன அளவுக்கே அலர்ஜி வந்திருக்கிறது என்றால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இதற்காக ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியதில்லை என்றார். அவனுக்கு இளைப்பும் (ஆஸ்துமா) உண்டு. அது கட்டுக்குள் வராமல் சேலஞ்ச் செய்யவே கூடாது. ஏனென்றால் இளைப்பு சரியாக இல்லாத பிள்ளைகளுக்குத்தான் அலர்ஜி மூச்சைப் பிடிக்கும் ஆபத்து கூடுதல். அந்த ஒரு வருடம் இன்ஹேலரை ஒரு நாளும் விடாமல் கொடுத்தோம்.

இதற்கிடையில் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "ஆட்டுப்பால் கொடுத்துப் பாரேம்மா, அது ஒண்ணும் பண்ணாது" என்று அத்தை ஆசையாகத்தான் சொன்னார். பசும்பால் புரதமும் ஆட்டுப்பால் புரதமும் அவ்வளவு ஒத்தவை; பசும்பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் சேராது. இதை டாக்டர் வாயாலேயே அத்தைக்குச் சொல்ல வைத்தேன். அதற்கப்புறம் அவரே உறவுக்காரர்களைத் தடுக்க ஆரம்பித்தார்.

ஐந்து வயதில் எண் 2.6. இளைப்பு அடங்கியிருந்தது. அப்போதும் என் கணவருக்கு மனமில்லை. "கேழ்வரகு, நெத்திலி, எள்ளுன்னு சாப்பிட்டு நல்லாத்தானே இருக்கான், எதுக்கு வம்பு?" என்றார். அவர் பயம் எனக்கும் இருந்தது. டாக்டர் எங்களிடம் திருப்பிக் கேட்டார்: பாஸானால் அவன் வாழ்க்கையில் எது மாறும்? ஃபெயிலானால் எது மாறும்?

அந்த இரண்டு கேள்விதான் எங்களை நகர்த்தியது. பள்ளியில் மதிய உணவுக்கு அவனைத் தனி மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். நன்றாக வெந்த பால் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தால் பாதிக் கதவு திறந்துவிடும். ஃபெயிலானாலும் எந்த அளவில் என்ன வருகிறது, மருந்துக்கு எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். இதைப் பேசிய பிறகு அவரே லீவு போட்டார்.

நேராகப் பாலில் ஆரம்பிக்கவில்லை. பால் அலர்ஜி உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கோதுமை மாவோடு சேர்த்து நன்றாக பேக் செய்த பாலைத் தாங்கிக்கொள்வார்கள். 180 டிகிரியில் 30 நிமிடம், மஃபின் என்கிற ஒரு சின்னக் கேக்கில் 1.3 கிராம் பால் புரதம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் பேக் செய்யும் ஓவன் இல்லை. எதிர் வீட்டு அக்காதான் செய்து கொடுத்தார். செடிரிசின் சிரப்பை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், இல்லாவிட்டால் அலர்ஜி வந்தாலும் மறைந்துவிடும். சளி, காய்ச்சல் இருந்தால் வராதீர்கள் என்றும் சொன்னார்கள்.

வார்டில் நர்ஸ் முதலில் அவனை எடை பார்த்தார். 17 கிலோ. அலர்ஜி மோசமானால் உடனே போடும் ஊசி மருந்தான அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கில் (ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம்) 0.17 மில்லி என்று பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார். பக்கத்து ட்ரேயில் ஆம்பியூலும் (மருந்து இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் தயாராக இருந்தன. அந்தச் சீட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. இதை வீட்டில் செய்து பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் அந்தச் சீட்டைத்தான் சொல்வேன்.

முதல் துண்டு கடுகளவு. இருபது நிமிடம் காத்திருந்து அடுத்தது, பிறகு அதைவிடப் பெரியது. ஒவ்வொரு முறையும் நாடி, மூச்சு, தோல் பார்த்தார்கள். பாதி மஃபினில் உதட்டோரம் ஒரு தடிப்பு தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்துவிட்டார். டாக்டர் வந்து நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டு, வயிற்றை அழுத்திப் பார்த்து, வாயைத் துடைக்கச் சொன்னார். உணவு பட்ட இடத்தில் மட்டும் வருவது, காத்திருப்போம் என்றார். சிறிது நேரத்தில் மறைந்தது. முழு மஃபினையும் முடித்தான். அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். "அம்மா, எனக்கு இன்னும் ஒண்ணு வேணும்" என்று கேட்டதை நர்ஸ் சிரித்துக்கொண்டே கேஸ் ஷீட்டில் எழுதினார்.

பாஸானதும் வேலை முடியவில்லை. வாரத்தில் பல நாள் தவறாமல் மஃபின் கொடுக்க வேண்டும். பேக் செய்யாத பால், தயிர், நெய் இன்னும் கூடாது. அட்ரினலின் டப்பா இன்னும் எங்களோடுதான் எல்லா ஊருக்கும் வருகிறது. பேனா மாதிரி இருக்கும் ஊசி இங்கே எளிதில் கிடைக்காததால் ஆம்பியூலை உடைத்து 0.17 மில்லி வரை இழுத்து, தொடையின் வெளிப்பக்கம் போட நானும் அவரும் பழகியிருக்கிறோம். அவன் எடை கூடக்கூட அளவையும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்கிறோம்.

அடுத்தது நேரடியாகப் பாலைக் குடிக்க வைத்துப் பார்க்கும் சேலஞ்ச். போன மாத ரிப்போர்ட்டில் எண் 1.4. மே மாத விடுமுறைக்குத் தேதி கேட்டிருக்கிறோம். இந்த முறை அவனிடமும் கேட்டோம். மூக்கு ஒழுகாமல் இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.