ஹூஸ்டனில் ரோடியோ மாதம்

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று 'கோ டெக்சன்' நாள். மாடு, குதிரைப் போட்டிகள் நடக்கும் கௌபாய்த் திருவிழாவான ரோடியோவை வரவேற்க ஊரே கௌபாய் உடையில் திரியும் நாள். மகள் பூட்ஸும் தொப்பியுமாகப் பள்ளிக்குக் கிளம்பினாள். என் ஆபீஸில் பாதிப் பேருக்குக் குதிரையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தெரியாது. ஆனாலும் எல்லார் இடுப்பிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு பெல்ட் பக்கிள்.

சாயங்காலம் சாலையில் ஒரே நெரிசல். முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டி, நடுவே குதிரைகளும் கூண்டு வண்டிகளும். 1952இல் பிரென்ஹாம் ஊரிலிருந்து சிலர் குதிரையிலேயே ரோடியோவுக்குக் கிளம்பி வந்ததில் தொடங்கிய வழக்கம் இது. இப்போது பல திசைகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஹிடால்கோவிலிருந்து வருபவர்கள் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்கிறார்கள். இன்று இரவு எல்லாரும் மெமோரியல் பார்க்கில் தங்கல்.

"இத்தனை கார் இருக்கிற ஊர்ல எதுக்குப்பா குதிரையில வராங்க?" என்றார் அப்பா. ஊரில் பாதயாத்திரை போகிறவர்களை இப்படிக் கேட்டிருக்கிறாரா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

மார்ச் 1, சனி

காலையில் ஊர்வலம். பார்த்தோம், வந்தோம்.

பார்பிக்யூ போட்டிக்கு அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். மாட்டுக்கறிப் புகை அவருக்கு ஒத்துவராது. நான் மட்டும் போனேன். 1974 முதல் நடக்கும் போட்டி. கூடாரங்களில் பெரும்பாலானவை அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான். யாரையாவது தெரிந்திருந்தால் ராஜ உபசாரம், இல்லாவிட்டால் வேலிக்கு வெளியே நின்று வாசம் பிடிக்கலாம். எனக்கு யாரையும் தெரியாது.

மார்ச் 7, வெள்ளி

லீவு போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிப்போனேன். கார் நிறுத்த அவர்கள் கேட்கும் காசுக்கு மெட்ரோ ரயில் எவ்வளவோ மேல். ஸ்டேடியம் பார்க் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரிலேயே மைதானம்.

ராட்டினங்களையும் பொரித்த ஓரியோ பிஸ்கட்டையும் தாண்டி நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனோம். ரோடியோ என்றால் ராத்திரி நடக்கும் பாட்டுக் கச்சேரி என்றுதான் இங்கே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 1932இல் முதல் முறை நடந்தபோது இதன் பெயரே 'கொழுத்த கால்நடைக் கண்காட்சி'தான். நாடே பொருளாதார நெருக்கடியில் கிடந்த காலம். மாட்டை நல்ல விலைக்கு விற்கவும் நல்ல இனத்தை நாலு பேருக்குக் காட்டவும் தொடங்கினார்கள். பாட்டு நட்சத்திரம் வந்தது பத்து வருஷம் கழித்துத்தான்.

உள்ளே மரத்தூள் பரப்பி, பெரிய பெரிய ஃபேன்களைச் சுழலவிட்டு, வரிசை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டைக் குளிப்பாட்டி, ஊதி உலர்த்தி, சீவிக்கொண்டிருந்தார்கள். பிராமன் மாடுகள் இருந்த பக்கம் வந்ததும் அப்பா நின்றுவிட்டார். சாம்பல் வெள்ளை நிறம், நல்ல உயரத் திமில், தொங்கும் அலைதாடி.

"டேய், இது ஓங்கோல் மாடுடா!"

முழுக்க இல்லை, ஆனால் தப்பும் இல்லை. டெக்சஸ் வெயிலிலும் உண்ணிக் காய்ச்சலிலும் ஐரோப்பிய மாடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. அதனால் இந்தியாவிலிருந்து காளைகளைக் கொண்டுவந்து கலந்தார்கள். 1906இல் தென் டெக்சஸ் பண்ணை ஒன்றுக்காகக் கப்பலேற்றி வந்தது அதில் முக்கியமான தொகுதி. குஜராத்தின் காங்க்ரெஜ், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு, அப்புறம் ஓங்கோலின் இன்னொரு பெயரான நம் பக்கத்து நெல்லூர் மாடு என்று எல்லாம் கலந்து உருவானதுதான் அமெரிக்க பிராமன். நெல்லூர் அன்று சென்னை மாகாணம். 1924இல் இந்த இனத்துக்கென்று சங்கமே வைத்துவிட்டார்கள்.

அப்பா அங்கிருந்த பெண்ணிடம் என்னை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை பல் போட்டிருக்கிறது? சுழி பார்ப்பீர்களா? எத்தனை லிட்டர் கறக்கும்? சுழியை மட்டும் என்னால் விளக்க முடியவில்லை. பாலுக்கு இல்லை, கறிக்கும் இனவிருத்திக்கும்தான் என்றாள் அவள். கிடாரியின் முதுகு, இடுப்பு அகலம், கால் ஊன்றும் விதம் என்று நடுவர் எதையெல்லாம் பார்ப்பார் என்பதை அந்தப் பதினைந்து பதினாறு வயதுப் பெண் தடவித் தடவிக் காட்டினாள். அப்பாவுக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இரவு ஸ்டேடியத்தில் ரோடியோ. ஓடும் குதிரையிலிருந்து தாவி, கொம்பைப் பிடித்துக் காளையைக் கீழே சாய்க்கும் போட்டியை உருவாக்கியவர் பில் பிக்கெட் என்ற டெக்சஸ் கறுப்பினக் கௌபாய். ரோடியோவில் கறுப்பினப் பாரம்பரிய நாளான இன்று அதைப் பார்த்தது பொருத்தம்தான்.

கடைசியில் காளைச் சவாரி. ஒரு கையால் கயிற்றைப் பிடித்து எட்டு வினாடி உட்கார வேண்டும். இன்னொரு கை மாட்டின்மேல் பட்டால் அவுட். நூறு மதிப்பெண்ணில் பாதி ஆளுக்கு, பாதி காளைக்கு. துள்ளாத காளை கிடைத்தால் நன்றாக உட்கார்ந்தும் பிரயோஜனமில்லை. விதையில் கயிறு கட்டித்தான் துள்ளவைக்கிறார்கள் என்ற பேச்சு பொய். கயிறு அடிவயிற்றின் பின்பக்கத்தைச் சுற்றித்தான் வருகிறது. அதற்காக மாட்டுக்கு அது பிடிக்கும் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வந்த காளைகள் பலவற்றுக்கும் திமில் இருந்தது. துள்ளும் காளைகளிலும் பிராமன் ரத்தம் கலந்திருக்கிறது. "திமிலைப் பிடிக்காம முதுகில ஏன் ஏறுறான்?" என்றார் அப்பா. ஜல்லிக்கட்டுக் கண்ணுக்கு அது அநியாயமாகத்தான் படும்.

மார்ச் 16, ஞாயிறு

ஆட்டுச் சவாரி பார்க்க மகளோடு போனேன். ஐந்து, ஆறு வயசுப் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டு செம்மறியைக் கட்டிக்கொண்டு தொங்குகிறார்கள். எடை 55 பவுண்டைத் தாண்டக் கூடாது. வயசு கடந்துவிட்டதே என்று மகளுக்குக் கோபம். எனக்கு நிம்மதி.

மார்ச் 22, சனி

மதியம் மாட்டு ஏலத்தை வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தோம். பிள்ளைகள் வளர்த்த காயடித்த காளைகள். முதல் பரிசுக் காளைக்கு 2022இல் 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள் என்றேன். அப்பா நம்பவில்லை. கறிக்காக யாரும் அந்த விலை கொடுப்பதில்லை. வாங்குகிறவர்கள் பணக்காரர்களும் கம்பெனிகளும். வளர்த்த பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று ஓர் உச்சவரம்பு உண்டு. மிச்சம் மற்ற மாணவர்களின் படிப்பு உதவிக்குப் போகிறது.

ஒரு பையன் மாட்டின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதான்.

"இத்தனை காசு வருது, ஏன் அழுவுறான்?"

"இந்த மாடு திரும்ப வீட்டுக்கு வராதுப்பா. நேரா அறுப்புக்கு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. தாத்தா காலத்து உழவு மாடு ஒன்றைக் கேரளா லாரியில் ஏற்றியதை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். இன்று அதைச் சொல்லவில்லை. "அடுத்த வருஷத்துக்கு வேற கன்னு வாங்குவானா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூனுக்குள் கன்றைப் பதிவு செய்ய வேண்டும், பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்திலேயே வாங்கிவிடுவார்கள் என்றேன்.

"அப்போ இந்நேரம் கொட்டாயில ஒண்ணு நிக்கும். அதுக்கு யாரு தண்ணி காட்டுறாங்களோ" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டின் விலையைக் கேட்க ஒலியைக் கூட்டச் சொன்னார்.